முக்காட்டாத்தாவின் சுண்டுவிரல்

சாமிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற அந்த வீட்டில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் நான்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிமேல் ஏறினேன்.

"ஏனுங்க, பாத்துங்க. ஆத்தா முக்காட்டு மேல வெரல் படாமப் புடிங்க" என்றார் கீழே நின்ற மயிலாத்தாள்.

கிணத்துக்கடவு தாண்டி, ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது அந்த வீடு. மயிலாத்தாள்தான் அதன் தலைவி. அறுபதைத் தாண்டியவர், என் வயதுக்காரர். நாற்காலியை அவர் பிடித்திருந்த பிடியிலேயே, நான் விழுந்தாலும் பரவாயில்லை, படம் விழக் கூடாது என்பது தெரிந்தது.

படம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. கறுத்த தேக்குச் சட்டம். கண்ணாடி முழுக்கச் சந்தனம், குங்குமம், கற்பூரப் புகை. சட்டத்துக்குக் கீழே ஒரு கம்பியில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் கொத்தாகத் தொங்கின.

ஈரப் பஞ்சால் துடைத்தேன். முதலில் ஒரு குழந்தை வெளியே வந்தது. கழுத்தில் காசுமாலை, காலில் தண்டை, இடுப்பில் வெள்ளி அரணாக்கொடி. வேறு பொட்டுத் துணி கிடையாது. எதையோ பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு வயது இருக்கலாம்.

இன்னும் துடைத்தேன். குழந்தைக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புத் துணி. துணிக்குள் ஒரு தலை, தோள், மடி. முகம் மட்டும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், வைத்து வைத்துத் தடித்துப்போன ஒரு பொட்டு கண்ணாடிமேல் ஒட்டியிருந்தது.

துணியின் ஓரத்திலிருந்து ஒரே ஒரு கை வெளியே வந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்திருந்தது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. "என்னாச்சுங்க?" என்று மயிலாத்தாள் கேட்டார். ஒன்றுமில்லை என்று பொய் சொன்னேன். நூறு வருஷத்துக்கும் மேலான படம் அது. ஆனால் அந்தக் கையை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

முட்டை பூசிய சாமிகள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றதும் கூட வேலை பார்த்தவர்கள் கோயில் குளம் என்று கிளம்பினார்கள். நான் பழைய கேபினட் கார்டுகளைத் தேடிக் கிளம்பினேன். "இத்தனை நாள் எலும்பு, இனிமேல் பேய்" என்று என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

கேபினட் கார்டு என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் கையில் கொடுத்தனுப்பிய படம். கெட்டி அட்டை, அதில் ஒட்டிய மெல்லிய காகிதம், ஓரத்தில் பொன் கோடு, அடியில் ஸ்டூடியோவின் பெயர். வெள்ளைக்காரர்கள் அதைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்திவைத்தார்கள். நாம் ஆணி அடித்துச் சாமிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டோம்.

அந்தக் காகிதத்தில் பளபளப்புக்காகப் பூசியது கோழிமுட்டையின் வெள்ளைக்கரு. இதை ஒருமுறை ஒரு சுத்த சைவக் குடும்பத்தில் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். பூசை அறையில் இருந்த கொள்ளுத் தாத்தா அன்று சாயங்காலமே கூடத்துக்கு இடம் மாறினார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் முட்டைப் பேச்சை எடுப்பதில்லை.

இந்தப் படத்தில் ஸ்டூடியோவின் பெயரைப் பூச்சி அரித்துவிட்டது. 'அண்ட் சன்ஸ்' மட்டும் மிச்சம். மகன்களை விட்டுவிட்டு அப்பனைத் தின்ற பூச்சி! சென்னையிலிருந்து நீலகிரிக்குப் போகிற வழியில் கோயமுத்தூரில் கண்ணாடிக் கூரை போட்டுச் சில மாதம் கடை விரித்தவர்களாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், தலையில் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

என்னை அங்கே கூப்பிட்டவர் மயிலாத்தாளின் மகன் செந்தில். தேங்காய் நார்த் தொழில் செய்கிறார். "படம் வர வர வெளுத்துக்கிட்டே போகுதுங்க மேடம். இன்னுங் கொஞ்ச நாள்ல ஒண்ணும் தெரியாது. ஒரு காப்பி எடுத்துக் குடுத்துருங்க. அம்மாகிட்ட மட்டும் சூதானமாப் பேசுங்க, அது அவங்களுக்கு உசுரு" என்றார்.

சூதானமாகப் பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது?

ஆத்தா வந்து உட்கார்ந்த கதை

முன்வாசல் வெளிச்சத்தில் நான் காமிராவை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னார்.

"இந்தக் கொழந்தைதானுங்க எங்க ஊட்டுக்காரரோட தாத்தா. அவருக்கு முன்னால பொறந்தது ஒண்ணுமே தங்கலீங்க. இதுவும் போயிருச்சுன்னா மொகமாச்சும் இருக்கட்டும்னு, வண்டி கட்டிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனாங்களாமா."

"யாரெல்லாம் போனாங்க?"

"ஆம்பளைங்கதானுங்க. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு ஊட்டுப் பொம்பளைங்க ஒருத்தியும் போகல. பெத்தவளே போகலீன்னா பாத்துக்கங்க. அங்க போனா, புள்ள கத்துது கத்துது, அப்படிக் கத்துது. படம் புடிக்கிறவன் கூண்டுக் கிளியக் கொண்டாந்து காட்டுனானாமா. அதுக்கும் அடங்கல. அப்பத்தான் எங்க ஆத்தா முக்காடு போட்டுக்கிட்டு வந்து உக்காந்து, புள்ளைய மடில வெச்சுக்கிட்டா. கப்புனு அடங்கிருச்சு. படம் வந்தப்புறம் பாத்தா, ஆத்தாளும் அதுல இருக்கறா! மொகத்த மட்டும் காட்டல. சாமி மொகத்தக் காட்டுமுங்களா?"

அந்தக் குழந்தை தங்கியது. வளர்ந்து, தோப்பை இரண்டு மடங்காக்கி, தள்ளாத வயதுவரை இருந்தது. படத்திலிருந்த உருவம் அந்த வீட்டுக்கு முக்காட்டாத்தா ஆனாள். ஒவ்வோர் ஆடிப் பண்டிகைக்கும், அங்கே நோம்பி என்பார்கள், அந்தக் கைக்குப் புது வளையல் வாங்கிப் படத்தடியில் மாட்டுவார்கள். வீட்டுப் பெண்கள் மாசமாக இருந்தால் அதிலிருந்து ஒரு சோடி எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

"இவன் பொறக்கறப்போ கழுத்துல கொடி சுத்திக்கிச்சுங்க" என்றார் மயிலாத்தாள், செந்தில் இருந்த திசையைக் காட்டி. "டாக்டரே கைய விரிச்சுட்டாரு. நான் வளையலப் புடிச்சுக்கிட்டே கெடந்தேன். இவன் ஆத்தா குடுத்த புள்ளைங்க."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார்.

ஆடாமல் பிடிப்பவர்கள்

கைக்குழந்தைக்கு எக்ஸ்ரே எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. 'மூச்சை இழுத்துப் பிடி' என்று அதனிடம் சொல்ல முடியுமா? தாய்க்கோ தகப்பனுக்கோ ஈயக் கவசத்தை மாட்டிவிட்டு, "கெட்டியாப் பிடிங்க, ஆடக் கூடாது" என்போம். அவர்களும் அழுகையை அடக்கிக்கொண்டு பிடிப்பார்கள்.

படத்தைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கினால், குழந்தையின் நெஞ்சுக்கூட்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய விரல் எலும்புகள் தெரியும். டாக்டர்கள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது குழந்தையின் நுரையீரல். நான் முதலில் பார்ப்பது அந்த விரல்களைத்தான். கட்டைவிரல் எங்கே அழுந்தியிருக்கிறது, எது நடுங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். கவரில் குழந்தையின் பெயர் இருக்கும். பிடித்தவர்களின் பெயர் எங்கேயும் இருக்காது.

அன்றைய காமிராக்காரர்களுக்கும் இதே பாடுதான். மின்விளக்கு இல்லாத காலம். கூரைக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சத்தில் படம் பதிகிறவரை ஆள் சிலையாக இருக்க வேண்டும். பெரியவர்களின் பிடரியில் இரும்பு இடுக்கி வைத்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். "அது படமா, தண்டனையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இரண்டும்தான் அம்மா.

குழந்தைக்கு இடுக்கி வைக்க முடியாது. அதனால் தாயையோ ஆயாவையோ நாற்காலியில் உட்காரவைத்து, மேலே துணியைப் போர்த்தி மூடி, மடியில் குழந்தையை வைத்து எடுத்துவிடுவார்கள். படத்தில் நாற்காலி மாதிரி தெரியும். சீமையில் இப்படி எடுத்த படங்களை அச்சில் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கேயாவது ஒரு செருப்பு நுனியோ இரண்டு விரலோ காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரில் ஒன்றை நேரில் பார்த்தது அன்றுதான்.

ஆகவே துணிக்குள் இருந்தது ஒரு பெண் என்பது, மயிலாத்தாள் கதையை முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் என்றால் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருப்பேன். அவரவர் சாமி அவரவருக்கு. என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அந்தக் கையின் சுண்டுவிரல்.

நஞ்சி படத்துக்குப் போன கதை

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கருமத்தம்பட்டிக்காரி, தம்பிகள் அங்கே விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஒரு சமயம் பெரிய டாக்டர் ஒருவரின் பிரிவு விழாவில் குரூப் போட்டோ. நாற்காலி போட்டு, மாலை வாங்கி, எல்லாரையும் வரிசையில் நிறுத்தியது ஸ்டெல்லாதான். கடைசி நிமிஷத்தில் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிப்போய் வந்து பார்த்தால் போட்டோ முடிந்து வரிசை கலைந்துவிட்டது.

எனக்குக் கோபம். அவள் சிரித்தாள். "உடுங்க்கா. எங்க நஞ்சி படத்துக்குப் போன கதையாப் போச்சு."

அதென்ன கதை என்று பிடித்துக்கொண்டேன்.

"நஞ்சிங்கறது எங்க அம்மாவோட பூட்டிங்க்கா, பாட்டியப் பெத்தவ. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்துல பண்ணையாளு. அந்த ஊட்டுல புள்ளையே தங்காதாம். தங்குன ஒத்தப் புள்ளையப் படம் புடிக்கப் போனாங்க. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு அவங்க பொம்பளைங்க வரலையாம். 'நஞ்சிக்குக் கொறைஞ்சா கொறையட்டும்'னு இவள வண்டிக்குப் பின்னால நடக்க உட்டுக் கூட்டிட்டுப் போனாங்களாம். அங்க இவள உக்கார வெச்சு, ஒரு கறுப்புத் துணியப் போட்டு மூடி, மடில புள்ளையக் குடுத்தாங்களாம். 'ஆடுனே, தோல உரிச்சுப்போடுவேன்'னு சொன்னாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன? புள்ளைக்குக் கூண்டுக் கிளி காட்டுனாங்களாம். துணிக்குள்ள இவளுக்குக் கிளி கத்தற சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சாம். 'படத்துக்குத்தான் ஆகல, அந்தக் கிளியயாச்சும் பாத்திருக்கலாம்'னு சாகற வரைக்கும் சொல்லுவாளாம். ஊட்டுக்கு வந்ததும் இவ தொட்ட தீட்டுப் போகப் புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி வாத்தாங்களாம். இவளுக்குக் குடிக்க ஒரு சொம்பு குடுக்கல."

ஆயுசு குறையவில்லை. நஞ்சி பல் விழுந்து கிழவியாகி, ஸ்டெல்லாவின் அம்மாவைக்கூட மடியில் தூக்கி வைத்திருந்தாளாம். ஆனால் அந்தச் சொல் குடும்பத்தில் நின்றுவிட்டது. பாடுபட்டவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கு என்றால், 'நஞ்சி படத்துக்குப் போன கதை'. ஸ்டெல்லாவின் தாத்தா ரோடு போடுகிற வேலைக்குப் போனவர். தான் போட்ட ரோட்டில் சில தெருக்களுக்குள் தானே செருப்புப் போட்டு நடக்க முடியாது. அவரும் இதைத்தான் சொல்லிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாராம்.

பிறகு ஒருநாள் அலமாரிக் கதவில் கை நசுங்கி ஸ்டெல்லா என்னிடம் எக்ஸ்ரேக்கு வந்தாள். சுண்டுவிரல், பக்கத்து விரலைப் பார்த்து அரிவாள்போல் வளைந்திருந்தது. முறிந்தே போயிற்று என்று பதறிவிட்டேன். படத்தில் பார்த்தால் முறிவு இல்லை. நடு எலும்பு பிறவியிலேயே குட்டை.

"அது எங்க வம்சத்துக்கே அப்படித்தாங்க்கா" என்றாள். "அம்மாவுக்கு இருக்குது, அம்மிச்சிக்கு இருந்துச்சு. நஞ்சிகிட்ட இருந்து வந்ததும்பாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "நீங்க ரிட்டயரானா வீடு வீடாப் பழைய படம் தேடப் போறேன்னு சொல்றீங்களே, எங்கயாச்சும் ஒரு பெரிய ஊட்டுல அந்தப் படம் இருக்குமாங்க்கா? எங்கம்மா இருக்கறப்பவே ஒருக்கா காட்டிப்போடோணும்."

வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதை என்று நான் அன்று சிரித்தேன்.

இப்போது பூதக்கண்ணாடிக்கு அடியில் அந்தச் சுண்டுவிரல், பக்கத்து விரலைப் பார்த்து உள்ளே மடங்கி, அரிவாளாக வளைந்து நின்றது. கோர்ட்டில் இது சாட்சி ஆகாது. இப்படி விரல் உள்ளவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் அந்தக் கிளி? அந்த ஆயுசு பயம்? தங்கிய ஒற்றைப் பிள்ளை? ஒரு பெரிய சந்நிதிமுன் வந்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலுக்குள் விடாத ஒருத்தியை, இந்த வீடு தன் பூசை அறையில் எல்லாச் சாமிகளுக்கும் மேலே மாட்டி, நாலு தலைமுறையாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது!

காப்பி குடித்துவிட்டுப் போங்கள்

ஸ்டெல்லாவுக்கு உடனே போன் போட மனசு துடித்தது. போடவில்லை. சாமி யாருடையதோ அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் காப்பி எடுத்த படத்தையும், கையை மட்டும் பெரிதாக்கிய இன்னொரு படத்தையும் கொண்டுபோனேன். மயிலாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, துணி, கிளி, நஞ்சி, ஸ்டெல்லாவின் அம்மா என்று ஒன்று விடவில்லை. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"எங்க சாமியப் பண்ணையாளாக்கிப்போட்டீங்களே. இதுக்குத்தான் வந்தீங்களா?"

"அக்கா, நான் சொல்ல வந்தது..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. என் புள்ளையக் குடுத்தவ அவ. அவளப் போயி... எந்திரிச்சுப் போங்க." எழுந்தேன். வாசல்வரை போய்விட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "காப்பி போட்டாச்சுங்க. குடிச்சுப்போட்டுப் போங்க."

கொங்கு நாட்டில் கோபத்துக்கும் 'ங்க' உண்டு, காப்பியும் உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். பெரிதாக்கிய படம் நடுவில் கிடந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்துச் செந்தில் கூப்பிட்டார். "அம்மா பூசை ரூமுக்கே போறதில்லைங்க மேடம். வெளக்கு என் சம்சாரம்தான் வெக்குது. சூதானமாப் பேசுங்கன்னு சொன்னேனுங்களே." ஒரு பெண்ணின் சாமியைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்க நான் யார்? ஸ்டெல்லாவிடமும் சொல்ல முடியவில்லை. அவள் போன் வந்தால் எடுக்கவே கூச்சமாக இருந்தது.

அரணாக்கொடி

ஆடி பிறந்தது. ஒரு காலையில் மயிலாத்தாளே கூப்பிட்டார். நலம் விசாரிப்பு ஒன்றும் கிடையாது.

"நீங்க வெச்சுட்டுப் போன படத்தத் தெனமும் பாத்துக்கிட்டிருந்தேனுங்க. நீங்க சுண்டுவெரல மட்டும் பாத்தீங்க. மத்த வெரலப் பாத்தீங்களா?"

"என்னங்கக்கா?"

"புள்ளையோட அரணாக்கொடிக்குள்ள ஒரு வெரல உட்டு வளைச்சுப் புடிச்சிருக்கறா. நானும் செந்தில அப்படித்தானுங்க புடிப்பேன். கெணத்துப் பக்கம் போனா, திமிறுனா, அரணாக்கொடில வெரல மாட்டிக்குவேன். உளுந்துருமோன்னு பயம் இருக்கறவதான் அப்படிப் புடிப்பா." மூச்சு வாங்கினார். "சாமிக்கு எதுக்குங்க பயம்?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். எத்தனையோ கைகளைப் பார்த்த எனக்கு அது தெரியாமல் போய்விட்டதே! தோலை உரிப்பேன் என்று மிரட்டி, மூடி உட்காரவைத்த இருட்டில், தன்னுடையதல்லாத பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று ஒரு விரல் தானாகப் போய்க் கொடியைப் பிடித்திருக்கிறது.

"கும்பிடறத என்னால நிறுத்த முடியாதுங்க" என்றார். "நேத்து வரைக்கும் சாமியா இருந்தவ இன்னைக்கு எப்படிங்க வேறயாவா? அந்த நர்ஸ் அம்மணிய நோம்பிக்குக் கூட்டிக்கிட்டு வாங்க."

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "நெசமாவாங்க்கா? நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றாள்.

நோம்பி அன்று செந்தில் வீட்டில் இல்லை. லோடு ஏற்றுகிற வேலை என்று மயிலாத்தாள் சொன்னார். நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

ஸ்டெல்லா வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். கூச்சமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருந்திருக்கலாம். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கங்க. சாமி கும்பிட மாட்டேன்" என்றாள், கொஞ்சம் விறைப்பாகவே.

"உன்னய ஆரு கும்பிடச் சொன்னா? உங்க ஆளப் பாக்க வந்திருக்கற. உள்ள வா கண்ணு" என்றார் மயிலாத்தாள்.

பூசை அறையில் படம் கீழே இறக்கி மணைமேல் வைக்கப்பட்டிருந்தது. பொட்டு இப்போது முகத்தில் இல்லை. கண்ணாடியில் அந்தக் கைக்கு நேரே புதிதாக ஒரு சின்னச் சந்தனப் பொட்டு. ஸ்டெல்லா கும்பிடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, தன் வலது கையை அந்தக் கைக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும் வைத்தாள். இரண்டு சுண்டுவிரல்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மயிலாத்தாள் புது வளையல்களை எடுத்தார். இந்த முறை கம்பியில் மாட்டவில்லை.

"கையக் குடு அம்மணி."

"நர்ஸ் வேலைக்கு வந்ததுல இருந்து வளையலே போட்டதில்லீங்க. கை காய்ச்சுப் போச்சு, ஏறாது."

"ஏறும், குடு."

கண்ணாடி வளையல் போடுவதென்றால் கையை நன்றாகப் பிடித்து, அமுக்கி, விரல்களைக் குவித்துத்தான் போட வேண்டும். தொடாமல் போட வழியே இல்லை. மயிலாத்தாள் ஸ்டெல்லாவின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு பிசைந்தார். முதல் வளையல் வளைந்த சுண்டுவிரலில் தட்டி நின்றது. அவர் கையும் நின்றது. விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இந்த வெரலுக்குத்தான் இத்தன வருசமா வாங்கி மாட்டிக்கிட்டிருந்தனா" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாது. "ஆத்தா பேரு என்னமோ சொன்னாங்களே கண்ணு?"

"நஞ்சிங்க."

மயிலாத்தாள் விளக்கைத் தூண்டினார். "நஞ்சாத்தா" என்று படத்தைக் கூப்பிட்டார். "புள்ளைகளப் பாத்துக்க, ஆயா." வேறு மந்திரம் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வருகிற வழியில், காரிலிருந்தே ஸ்டெல்லா அம்மாவுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் தடதடவென்று தறிச் சத்தம்.

"அம்மா, நஞ்சி படத்துல இருக்கறா."

"என்ன? ஒண்ணும் கேக்கல கண்ணு. டேய், தறிய நிறுத்துங்கடா."

சத்தம் நின்றது.

"நஞ்சி படத்துல இருக்கறாம்மா. இப்பப் பாத்துட்டு வாரேன்."

மெதுவாக, "மொகம் தெரியுதா?"

"இல்லம்மா. மூடித்தான் வெச்சிருக்காங்க. கை தெரியுது. நம்ம கைதாம்மா, அப்படியே."

அந்தக் கை தூக்கி வைத்திருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏங் கண்ணு, கொழந்தைய ஆடாமப் புடிச்சிருக்கறாளா?"

ஸ்டெல்லா வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆடவே இல்லீங்கம்மா" என்றேன். "காலமெல்லாம் எக்ஸ்ரே எடுத்தவ சொல்றேன். துளிகூட ஆடலீங்க."